முப்பத்தொரு இறாத்தல்

புகையிலைச் சிப்பம் நிறுக்கிற தராசில்தான் என் மனைவியை நிறுத்தார்கள். இணுவிலில் புகையிலை செய்கிற எவனுக்கும் அந்தத் தராசைத் தெரியும். நிலத்தோடு ஓர் இரும்புப் பலகை, நெஞ்சளவுக்கு ஒரு தூண், தூணின்மேல் பித்தளைத் தண்டு, தண்டில் நகர்த்துகிற குண்டு. சிப்பத்தைப் பலகையில் உருட்டிவிட்டுக் குண்டைத் தள்ளுவோம். யுத்தத்துக்கென்று வெள்ளைக்காரன் பலாலியில் போட்டுவிட்டுப் போன விமானத் தளத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள் அதே தராசு நின்றது.

நான் தோட்டக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்ததால் எழுத்து என்னை விட்டுப் போகவில்லை. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. ஊர் இப்போது ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறது. அந்தக் கதையில் எல்லாரும் என் மனைவிக்கு இரங்குகிறார்கள். அந்த இரக்கத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

மகாதேவி பெரிய உடம்புக்காரி. கலியாணம் முடித்து வரும்போதே அப்படித்தான். வாசலில் ஆலாத்தி எடுக்கும்போது, "மாப்பிள்ளை வேலியோடை ஒதுங்கும், பொம்பிளைக்கு வழி விடும்" என்று யாரோ சொல்ல, பந்தல் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். துலா மிதிக்க ஆள் கிடைத்துப் பட்டை பிடிக்க ஆள் கிடைக்காத நாட்களில் அவளே பட்டை பிடித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பாள். இரண்டு பேர் தூக்கிவிட வேண்டிய எருக்கடகத்தைத் தனியே தூக்கித் தலையில் வைப்பாள். அதை யாரும் கண்டதாகச் சொல்லிக் கேட்டதில்லை. அவள் பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர், "அக்காவுக்கு ரெண்டு ரிக்கற்" என்பான். பந்தியில் அவள் இருந்தால் பக்கத்து இலையைத் தள்ளிப் போடுவார்கள். அதுதான் கண்ணில் பட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு வயிறு ஊதத் தொடங்கியது. மல்லாந்து படுக்க முடியவில்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. பட்டினத்தில் ஒரு பெரிய டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தன் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவளைப் பார்த்தார். "சோத்தைக் குறையுங்கோ" என்றார். அவ்வளவுதான். கையை நீட்டி அந்த வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்க்கவில்லை. மெலிந்த ஒருத்தி அந்த வயிற்றோடு போயிருந்தால் தொட்டுப் பார்த்திருப்பார். ஒரு வருஷம் அவள் சோற்றைக் குறைத்தாள். கைகள் மெலிந்தன, முகம் வற்றியது, வயிறு மட்டும் வளர்ந்தது.

பிறகு வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்குத்தர் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து இரண்டு கையாலும் அமர்த்திப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இது கொழுப்பில்லை, ஐயா. உள்ளுக்கை பெரிய கட்டி. காம்பிலை தொங்குற காய் மாதிரிக் கிடக்கு. குலுங்கி முறுகினாலோ வெடிச்சாலோ பேந்து ஒண்டும் செய்யேலாது. இப்பிடியானதை வெட்டிப் பழகினவர் சென்னையிலை இருக்கிறார். கெதியாய்க் கொண்டுபோங்கோ. றெயிலிலையும் கப்பலிலையும் போட்டுக் குலுக்காதேங்கோ. பலாலியிலையிருந்து பிளேன் போகுதுதானே, அதிலை கொண்டுபோங்கோ."

இதை நாங்கள் ஊரில் சொல்லவில்லை. எங்கள் மகள் கனகாம்பிகைக்கு அரியாலையில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தாயின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தால், நாளைக்கு மகளுக்கும் வரும் என்று சொல்லி ஒதுங்குவார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிக் குழம்பிய சம்பந்தங்கள் எத்தனையோ. மகாதேவிதான் வழி சொன்னாள்.

"ஆனி உத்தரத்துக்குச் சிதம்பரம் போறமெண்டு சொல்லுவம். ஏலாத உடம்போடை நடக்கமாட்டாமல் பிளேனிலை போறா எண்டு சிரிப்பினம். சிரிக்கட்டும். சிரிச்சால் பிள்ளையின்ரை கலியாணம் குழம்பாது."

சிரிப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளை அப்படிப் பழக்கியவர்கள் யார் என்று ஊரார் தங்களைத்தான் கேட்க வேண்டும்.

சிதம்பரம் என்று சொன்னதுதான் தாமதம், பொதிகள் வரத் தொடங்கின. எங்கள் ஊரில் ஒருவர் கடல் தாண்டிப் போனால் வெறுங்கையோடு போக விடமாட்டார்கள். அந்தக் கரையில் இருக்கிற பிள்ளைக்கு, மருமகனுக்கு, கோயிலுக்கு என்று ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பொதியைக் கொண்டுவந்து தருவார்கள். ஒடியல் மா, பினாட்டு, எள்ளுருண்டை, மிளகாய்த்தூள். அடுத்த வளவுப் பூரணம், சென்னையில் படிக்கிற மகனுக்கென்று ஒரு தலையணை உறை நிறைய மிளகாய்த்தூளைத் தைத்துக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பொதி பாரமா என்பார்கள். வாங்கி வைத்தோம்.

ரிக்கற் எடுக்கப் பட்டினத்துக்குப் போனவன் நான். விமானக் கம்பனிக் கந்தோரில் இருந்தவர் என் மெலிந்த உடம்பைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு ரிக்கற்றையும் தந்தார்.

பயணத்தன்று ஊர் லொறி பிடித்துக்கொண்டு பலாலிக்கு வந்தது. விமானத்தைப் பார்க்க ஒரு சாட்டு. வேலிக்கு அப்பால் வரிசையாக நின்றார்கள். பூரணம் முன்னுக்கு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் சந்திக் கடைக் கனகலிங்கம்.

கொட்டகைக்குள் கிறகோரி என்ற கிளாக்கர் தராசடியில் நின்றான். வெள்ளைக் காற்சட்டை, எண்ணெய் பூசி வாரிய தலை. ஒவ்வொருவராகப் பலகையில் ஏற்றி, குண்டைத் தள்ளி, நிறையை உரக்கக் கூப்பிட்டான். உள்ளே ஒருவன் எழுதினான். எங்களுக்கு முன்னால், நீதிமன்றத்தில் வழக்காடுகிற பிறக்கிராசியார் செல்வரட்ணம். நெட்டையான, ஒடிந்துவிடுவார் போன்ற மனிதர்.

"ஆள், நூற்றிப் பன்னிரண்டு இறாத்தல்!"

பிறகு அவருடைய மூன்று பெட்டிகளையும் ஏற்றினான்.

"பெட்டி, நூற்றைம்பத்தெட்டு!"

பிறக்கிராசியார் மேலதிகக் கூலியைக் கட்டினார். பெட்டிகள் விமானத்துக்குப் போயின. பிறகு மகாதேவி ஏறினாள். குண்டு தண்டின் நுனிவரை போனது. கிறகோரி இன்னொரு குண்டைக் கொளுவினான். வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"ஆள், இருநூற்று நாற்பத்தாறு!"

வேலியில் சிரிப்புக் கிளம்பியது.

"அம்மா, இறங்கி ஒருக்கால் திரும்ப ஏறுங்கோ. தராசு பிழையோ தெரியேல்லை."

"தராசு பிழையில்லைத் தம்பி," என்றாள் மகாதேவி. "நீர் கொஞ்சம் உரத்துச் சொல்லும். அரியாலைக்குக் கேக்கேல்லைப் போலை."

அவன் அவளை இரண்டாம் முறையும் ஏற்றினான். அதே நிறை. அவனுக்கு அது முதலே தெரியும்.

பாரத்தைக் குறைக்க நான் பொதிகளையெல்லாம் நிலத்தில் கொட்டினேன். மாற்றுச் சீலை இரண்டும் ஒரு செம்பும் மட்டும் மிச்சம் வைத்தேன். அப்போதும் அவன் தலையை ஆட்டினான்.

"ஒரு ஆளுக்கு இவ்வளவு ஏலாது, ஐயா."

"முன்னுக்குப் போன பிறக்கிராசியாரும் பெட்டியளும் சேர்ந்து இருநூற்றெழுபது. இவ இருநூற்று நாற்பத்தாறு. ஆர் பாரம், சொல்லும் பாப்பம்?"

"பெட்டியை எங்கையும் வைக்கலாம். ஆளைக் கதிரையிலைதானே வைக்கலாம்."

"கதிரையிலை வைச்சுப் பாத்தனீரோ?"

போய் ஏறிப் பார்க்கட்டும் என்று விட்டு, தானும் பின்னால் வந்தான். அவனுக்கும் ஒரு வேடிக்கைதான்.

அந்த விமானம் நிலத்தில் நிற்கும்போது வாலை ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வாசல் வால் பக்கத்தில். ஏணியில் ஏறி உள்ளே போனால், கதிரைகளுக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய வழி ஏற்றமாகக் கிடந்தது. மகாதேவி ஒவ்வொரு கதிரையின் முதுகையும் பிடித்துப் பிடித்து ஏறினாள். பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. இருந்தவர்கள் கால்களை இழுத்துக்கொண்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார்கள். அவளுடைய மூச்சு எனக்குப் பின்னாலிருந்து கேட்டது.

கதிரைக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கைகள். அவள் மூச்சை உள்ளே இழுத்து, உடம்பைச் சரித்து, மெல்ல மெல்ல இறங்கி இருந்தாள். இரும்பு அவளுடைய வயிற்றின் இரண்டு பக்கத்தையும் அமர்த்தியது. அந்த வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று அங்கே எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். நெற்றி வேர்த்தது. ஆனாலும் இருந்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ," என்றாள், "இந்தக் கதிரை செய்தவன் தன்ரை பெண்சாதியை ஒருநாளும் வடிவாய்ப் பாக்கேல்லை."

இடுப்பில் கட்டுகிற பட்டிதான் எட்டவில்லை. இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. நான் என் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, இரண்டு நுனியையும் அதில் கோத்து, சிப்பம் கட்டுகிற முடிச்சுப் போட்டு இறுக்கினேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"இனிப் பிளேன் விழுந்தாலும் நான் விழமாட்டன்," என்றாள். முகம் மலர்ந்தது. நாங்கள் போகப்போகிறோம் என்று அந்த ஒரு நிமிஷம் நானும் நம்பினேன்.

விமானம் ஓட்டுகிற துரை முன்னாலிருந்து வந்தார். சால்வை முடிச்சை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். சிரித்தார். கிறகோரியிடம் ஏதோ இங்கிலீசில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

"பட்டி பூட்டாத ஆளைக் கொண்டுபோகச் சட்டமில்லையாம், ஐயா. இறக்கட்டாம்."

முதலில் பாரம் என்றார்கள். பிறகு கதிரை என்றார்கள். கதிரைக்குள் அடங்கியதும் பட்டி என்றார்கள். நான் அவன் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து, தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"தம்பி, நாங்கள் கோயிலுக்குப் போகேல்லை. இவவுக்குக் கடும் வருத்தம். கெதியாய்ச் சென்னையிலை வெட்டவேணும். றெயிலிலை கொண்டுபோனால் உயிருக்கு மோசம். ஒருக்கா விடும்."

அவன் முகம் மாறியது. இரங்கி அல்ல.

"வருத்தக்காரரோ? அதை முந்திச் சொல்லவேணுமெல்லோ. வருத்தக்காரரை ஏத்திறதெண்டால் கொழும்பிலையிருந்து உத்தரவு வரவேணும். பட்டி பூட்டினாலும் இனி ஏத்தேலாது."

கொழுத்தவள் என்றாலும் இறங்கு, நோயாளி என்றாலும் இறங்கு. எந்த வாசலால் போனாலும் வெளியேதான்.

முன் கதிரையிலிருந்து பிறக்கிராசியார் திரும்பினார்.

"நேரம் போகுது, கிளாக்கர். மட்றாஸிலை எனக்கு அலுவல் கிடக்கு. உடம்பை வளத்துப்போட்டு வானத்திலை பறக்க நிண்டால் ஏலுமே?"

மகாதேவி சால்வை முடிச்சைத் தானே அவிழ்த்தாள். இரும்புக் கைகளைப் பிடித்து எழும்ப இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறை எழும்பினாள்.

"நீங்கள் பெட்டியை வளத்திருக்கிறியள், ஐயா," என்றாள். "நான் உடம்பை வளத்திருக்கிறன். உங்கடை உங்களோடை வருகுது. என்ரை என்னோடை இறங்குது. வாறன்."

அந்த ஏணியில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கியதை ஊர் முழுக்கப் பார்த்தது. வெயில் அவள்மேல் விழுந்தது. கனகலிங்கம் வேலியில் ஏறி நின்று கேட்டான்.

"என்ன கதிரவேலண்ணை, பிளேன் கிளம்பமாட்டன் எண்டிட்டுதோ?"

லொறியில் வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கண் கொட்டகை வாசலில் கிடந்த தலையணை உறையில் இருந்தது.

"என்ரை பிள்ளையின்ரை தூளையே நிலத்திலை போட்டனீங்கள்? உங்கடை பாரத்துக்கு என்ரை தூள் என்ன செய்தது?"

நான் வாய் திறந்தேன். மகாதேவி என் கையைப் பிடித்து அமர்த்தினாள். அரியாலைச் சம்பந்தம் பூரணத்தின் ஒன்றுவிட்ட தமையன் மூலம்தான் பேசிக்கொண்டிருந்தது. வாயை மூடினேன். விமானம் மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடி எழும்பியது. எங்களுடைய இரண்டு கதிரையும் அதில் வெறுமையாகப் போயின.

அன்று பின்னேரமே அவளுக்குக் குத்து அதிகமாகியது. கொழும்பு உத்தரவுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்போம் என்று நான் சொன்னேன்.

"உத்தரவு வந்தால் பட்டி நீளுமோ?" என்று கேட்டாள். "இருந்தாலும் சாவு, போனாலும் சாவு எண்டால் போவம். போனாலாவது ஒரு வழியிருக்கு."

றெயிலேறினோம். அங்கும் ஒரு பெட்டியில் ஏறினபோது, இருந்தவர்கள் காலை அகட்டி இடத்தை மறைத்தார்கள். பாசையூர்ப் பக்கத்து மீன்காரி ஒருத்தி, பெர்னடெட் என்று பெயர், வேளாங்கண்ணிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் எழும்பித் தன் பெட்டகத்தைக் கீழே இழுத்து, அதன்மேல் இருந்துகொண்டாள். தான் இருந்த வாங்குப் பலகை முழுவதையும் மகாதேவிக்கு விட்டாள்.

"நீர் எங்கை பிள்ளை இருக்கிறது?" என்று மகாதேவி கேட்டாள்.

"நான் இருந்திட்டன்தானேயக்கா. நீங்கள் நீட்டி நிமிர்ந்து படுங்கோ."

எத்தனை இறாத்தல் என்று அவள் கேட்கவில்லை. என்ன வருத்தம் என்றும் கேட்கவில்லை. ஆளுக்கு இடம் வேண்டும், இடம் விட்டாள். இவ்வளவுதான் விஷயம். இதைச் செய்ய ஒரு கம்பனிக்கும், ஒரு துரைக்கும், இங்கிலீசு படித்த பிறக்கிராசிக்கும் முடியவில்லை.

தலைமன்னாரில் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கப்பல் துறையை விட்டதும் ஆடத் தொடங்கியது. நடுக்கடலில் ஒரு பெரிய ஆட்டத்தில் மகாதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன். அதற்குப் பிறகு அவள் பகிடி ஒன்றும் சொல்லவில்லை. கனகாம்பிகைக்குச் சீலை எடுக்க வேண்டும் என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். சென்னை ஆஸ்பத்திரியில் அவளை உடனேயே வெட்டினார்கள். கட்டி முறுகி வெடித்து, நஞ்சு உடம்பெல்லாம் பரவியிருந்தது. அடுத்த நாள் விடிய அவள் போய்விட்டாள்.

கட்டியைத் தனியே எடுத்து நிறுத்தார்களாம். முப்பத்தொரு இறாத்தல் என்று சத்திரவைத்தியர் சொன்னார். குலுக்காமல் கொண்டுவந்திருந்தால் முழுசாக எடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் நல்ல மனிதர். என்னைக் குற்றம் சாட்டுவதாக நினைத்துவிடுவேனோ என்று பயந்து பயந்து சொன்னார்.

அங்கேயே தகனம் செய்தோம். சாம்பலை ஒரு சின்ன மண் முட்டியில் போட்டு வாய் கட்டித் தந்தார்கள். விமானத்தில் போங்கள், கெதியாகப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார். உண்மைதான். இப்போது அவளை ஏற்றியிருப்பார்கள். மடியில் வைத்துக்கொண்டு போகலாம், பட்டியும் வேண்டாம். நான் ஏறவில்லை. அவள் போன வழியாலேயே அவளைக் கொண்டுவந்தேன்.

ஊருக்கு வந்ததும் நான் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அரியாலையார் ஒரு கிழமைக்குள் ஆள் அனுப்பி, சாதகம் சரிவரவில்லை என்றார்கள். கனகாம்பிகை, "போகட்டும் ஐயா" என்றாள். அவள் தாயின் மகள்.

கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு முடித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஊர் சாப்பிட வந்திருந்தது. பூரணமும் வந்தாள். கனகலிங்கமும் வந்தான். இலை போடுவதற்கு முன்னால் கனகலிங்கம் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, கண்ணைத் துடைத்தான்.

"கதிரவேலண்ணை, முப்பத்தொரு இறாத்தல் கட்டியாம். நாங்களெல்லாம் கொழுப்பெண்டெல்லோ நினைச்சம். வருத்தமெண்டு தெரிஞ்சிருந்தால் அண்டைக்குச் சிரிச்சிருக்கமாட்டம்."

"ஓம்," என்றாள் பூரணம். "பாவம், அது அவவின்ரை சதையில்லையாமே."

இதுதான் ஊர் சொல்லிக்கொண்டு திரிகிற கதை. மகாதேவி கொழுத்தவள் அல்ல, நோயாளி, ஆகையால் பாவம். செத்த பிறகு அவளை மெலியவைத்துத்தான் அவளுக்காக அழ இவர்களால் முடிகிறது. அந்த டாக்குத்தர் அவளைத் தொடாமல் விட்டது அவளுடைய சதையைப் பார்த்து. அந்தக் கம்பனி அவளை இறக்கியதும் அதே சதையைப் பார்த்து. அந்தச் சதையோடுதான் நான் இருபத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

நான் கனகலிங்கத்தைப் பார்த்தேன்.

"நீ சந்தியிலை கடை வைச்சிருக்கிறவன், கணக்குத் தெரிஞ்சவன். இருநூற்று நாற்பத்தாறிலை முப்பத்தொண்டைக் கழி."

"என்னண்ணை?"

"கழியடா."

அவன் வாய்க்குள் கழித்தான். "இருநூற்றுப் பதினைஞ்சு."

"அது கட்டியில்லை. அது என்ரை மனுசி. அந்த இருநூற்றுப் பதினைஞ்சுக்கு இப்ப எனக்கு முன்னாலை சிரியுங்கோ பாப்பம்."

பூரணம் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனகலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு யாரோ இலை போடத் தொடங்கினார்கள்.

எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.